நெட் எத்தனை மணிக்குப் போனது?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்தின் கம்ப்யூட்டர், நெட்வொர்க் எல்லாவற்றையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு கோடையில் மதியம் ஆனால் போதும், நெட் விட்டு விட்டு வரும். சரக்கு வண்டிக்கு ஆன்லைனில் எடுக்க வேண்டிய இ-வே பில் எடுக்க முடியாமல் லோடு ஏற்றிய வண்டி வாசலிலேயே நிற்கும். டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்து, "எப்பங்க வரும்?" என்று கேட்டுவிட்டுப் போவார். இணைப்புக் கொடுத்தவர்களுக்குப் போன் செய்தால் மறுநாள் காலை பத்து மணிக்கு லைன்மேன் வருவார். அந்த நேரத்தில் எல்லாம் அருமையாக ஓடிக்கொண்டிருக்கும். ஸ்பீட் டெஸ்ட் போட்டுக் காட்டி, "நம்ம சைடு கிளியரா இருக்குங்ண்ணா, உங்க ரவுட்டர ஒருக்கா பாருங்க" என்பார். நான்கு முறை இப்படியே நடந்தது.

அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தபோது லைன் சரியாகத்தான் இருந்தது. அவரிடம் நான் சொன்ன புகாரைத் திரும்ப யோசித்துப் பார்த்தால், "மதியம் போச்சு, கொஞ்ச நேரம் வரல, அப்புறம் வந்துருச்சு" என்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. இதை வைத்து யாராலும் எதையும் பழுது பார்க்க முடியாது. எத்தனை மணிக்குப் போனது, எத்தனை நிமிடம் போனது, எந்த இடத்தில் அறுந்தது என்று மூன்று கேள்விக்கும் பதில் வேண்டும். மனிதர் யாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து இதைக் குறித்து வைக்கப் போவதில்லை. ஒரு பழைய கம்ப்யூட்டரும், கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த இருபது வரி ஸ்கிரிப்டும் குறித்து வைக்கும். நெட் இப்போது இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஸ்கிரிப்ட் தேவையில்லை, போனைப் பார்த்தாலே தெரியும். நாம் பார்க்காத நேரத்தில் நடந்ததை நேரம் போட்டு எழுதி வைப்பதற்குத்தான் அது வேண்டும்.

இதற்கான கருவி எந்தக் கம்ப்யூட்டரிலும் ஏற்கெனவே இருக்கிறது. பெயர் பிங். இருட்டான கிணற்றில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று பார்க்க ஒரு கல்லைப் போட்டுக் காது கொடுப்போமே, அதே வேலைதான். ஒரு சின்ன பாக்கெட்டை, அதாவது ஒரு துண்டுத் தகவலை, அனுப்பி, "இருக்கிறாயா?" என்று கேட்கிறது. அந்தப் பக்கம் இருக்கும் கருவி அதே பாக்கெட்டைத் திருப்பி அனுப்புகிறது. போய் வர எவ்வளவு நேரம் ஆனது என்பதை மில்லி வினாடியில் காட்டுகிறது. இந்தக் கேள்வியும் பதிலும் ஐசிஎம்பி என்ற நெறிமுறையில் வருபவை. 1981 செப்டம்பரில் ஜான் போஸ்டல் எழுதிய ஆவணம் அதை வரையறுத்தது. கேள்விக்கு 8, பதிலுக்கு 0 என்று அன்று கொடுத்த வகை எண்கள்தான் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஆனால் அதைக் கட்டளையாக எழுதிக் கையில் கொடுத்தவர் மைக் மூஸ். அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆராய்ச்சிக் கூடத்தில், மேரிலாந்தில் வேலை பார்த்தவர். 1983 ஜூலையில் நார்வேயில் நடந்த ஒரு கூட்டத்தில் டேவ் மில்ஸ் என்பவர், எக்கோ எனப்படும் இந்தக் கேள்வி-பதில் பாக்கெட்டுகளை வைத்துப் பாதையின் தாமதத்தை அளந்ததைப் பற்றிப் பேசியதை மூஸ் கேட்டிருந்தார். அந்த டிசம்பரில் அவருடைய கூடத்து நெட்வொர்க் முரண்டு பிடித்தபோது அது நினைவுக்கு வர, ஒரே மாலையில் ஏறக்குறைய ஆயிரம் வரியில் நிரலை எழுதி முடித்தார். நீர்மூழ்கிக் கப்பல்களின் சோனார் எழுப்பும் ஓசையைப் பெயராக வைத்தார். மில்ஸ் என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அவர் இந்தக் கட்டுரையில் இன்னொரு முறை வருவார்.

பிங் காட்டும் மில்லி வினாடி எண்ணைப் பலர் கண்டுகொள்வதில்லை. எனக்கு அது மிகவும் பிடித்த எண். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலுக்கடியில் போகும் கேபிளின் நீளம் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போக 16 மில்லி வினாடி, வர 16. ஆக, சென்னையில் உட்கார்ந்து சிங்கப்பூரில் இருக்கும் சர்வரை பிங் செய்தால் இந்தப் பாதையில் 32-க்குக் கீழே வரவே வராது. எவ்வளவு பணம் கட்டினாலும் வராது. தினமும் 40-ஐ ஒட்டி வந்துகொண்டிருந்த எண் ஒரு நாள் 200-க்கு மேல் ஏறி அங்கேயே நின்றுவிட்டால், பாக்கெட் வேறு ஏதோ ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறது என்று முதலில் சந்தேகப்படலாம். எங்கோ ஒரு கேபிள் அறுந்திருக்கலாம். நெட் 'இருக்கிறது', ஆனால் நேற்று இருந்த நெட் அல்ல. வெறும் சரி, இல்லை என்று மட்டும் எழுதாமல் இந்த எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்வது அதனால்தான்.

சரி, யாரை பிங் செய்வது? பெரும்பாலானவர்கள் 8.8.8.8 என்று அடித்துப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அது கூகுளின் பொது டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு எண் முகவரி சொல்லும் சேவை) முகவரி, 2009 முதல் இருக்கிறது. பதில் வந்தால் நல்லது. வராவிட்டால்? உங்கள் ரவுட்டர் அணைந்திருக்கலாம், தெருவில் ஃபைபர் அறுந்திருக்கலாம், இணைப்புக் கொடுத்த ஆபரேட்டருக்கு மேலே இருக்கும் பெரிய கம்பெனியில் கோளாறு இருக்கலாம். ஒரே ஒரு முகவரியைக் கேட்டால் இந்த மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் ஏணி மாதிரி படிப்படியாகக் கேட்க வேண்டும்.

முதல் படி உங்கள் ரவுட்டர், பல இடங்களில் 192.168.1.1. இது பதில் சொல்லாவிட்டால் குற்றம் நம் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது. இரண்டாவது படி, ரவுட்டரைத் தாண்டியதும் வரும் ஆபரேட்டரின் முதல் கருவி. அதன் முகவரி என்ன என்று, பாக்கெட் கடந்து போகும் கருவிகளை வரிசையாகக் காட்டும் ட்ரேஸ்ரூட் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் இரண்டாவது வரியில் கிடைக்கும் (விண்டோஸில் அதன் பெயர் ட்ரேஸர்ட்). சில ஆபரேட்டர்களின் முதல் கருவி பிங்குக்கு வாயே திறக்காது. அப்போது பட்டியலில் அடுத்து எது பதில் சொல்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது படி வெளியுலகம். 8.8.8.8 ஒன்றை மட்டும் நம்பாமல், 2018-ல் கிளவுட்ஃப்ளேர் தொடங்கிய 1.1.1.1-ஐயும் சேர்த்துக்கொள்வது நல்லது. இரண்டுமே ஒரே நேரத்தில் பதில் சொல்லவில்லை என்றால் பெரும்பாலும் பிரச்சினை அவர்களிடம் இல்லை.

நான்காவது படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பெயர் கேட்பது. எண்ணாக இருக்கும் முகவரிகள் எல்லாம் பதில் சொல்லும், ஆனால் எந்த இணையதளமும் திறக்காது. 'நெட் போச்சு' என்று எனக்கு வரும் போன்களில் கணிசமானவை இந்த ரகம். தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வர் மட்டும் படுத்திருக்கும். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. ஒரே பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்டால், கம்ப்யூட்டர் தன் நினைவில் வைத்திருக்கும் பழைய பதிலை எடுத்து நீட்டிவிடும். டிஎன்எஸ் செத்துப் பத்து நிமிடம் ஆன பிறகும் 'சரி' என்றே லாகில் (ஸ்கிரிப்ட் எழுதி வைக்கும் பதிவு ஃபைலில்) விழுந்துகொண்டிருக்கும். அதனால் டிக் (dig) போன்ற கட்டளையை வைத்து, ஆபரேட்டரின் டிஎன்எஸ் சர்வரையே நேராகக் கேட்க வேண்டும்.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகம் முழுக்க நின்றுபோனது நினைவிருக்கும். பராமரிப்பு வேலைக்காகக் கொடுத்த ஒரு கட்டளை அந்தக் கம்பெனியின் டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பையே துண்டித்துவிட்டது. தவறான கட்டளைகளைத் தடுத்து நிறுத்த வேண்டிய கருவியில் ஒரு பிழை, அது தடுக்கவில்லை. டேட்டா சென்டர்களைத் தொட முடியாமல் போனதும் அவர்களின் டிஎன்எஸ் சர்வர்கள், தங்களுக்கு வரும் வழியை உலகத்துக்கு அறிவிப்பதை நிறுத்திக்கொண்டன. அன்று நம் ஏணியை ஓட்டியிருந்தால் ரவுட்டர் சரி, ஆபரேட்டர் சரி, வெளியே சரி, மற்ற பெயர்கள் சரி, அந்தப் பெயர்கள் மட்டும் இல்லை என்று வந்திருக்கும். ஆபரேட்டரைத் திட்ட வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

இனி ஸ்கிரிப்ட். லினக்ஸில் நான்கு முகவரிகளை ஒரு வரிசையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக பிங் செய்யச் சொல்வதுதான் மொத்தமும். லினக்ஸில் பிங்கை அப்படியே விட்டால் நீங்கள் நிறுத்தும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் 'மைனஸ் சி 3' என்று கொடுத்து மூன்று முறையோடு நிறுத்த வேண்டும். பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதற்குப் பெரிய டபிள்யூ, இரண்டு வினாடி போதும். சின்ன டபிள்யூ வேறு, அது மொத்த ஓட்டத்துக்குமான காலக்கெடு. இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

பிங் முடிந்ததும் திரையில் எழுதுவதைப் படித்துப் பார்க்க வேண்டியதே இல்லை. ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது சத்தமில்லாமல் ஒரு எண்ணை விட்டுச் செல்கிறது, எக்ஸிட் கோட். லினக்ஸ் பிங்கில் 0 என்றால் பதில் வந்தது, 1 என்றால் வரவில்லை, 2 என்றால் வேறு ஏதோ தப்பு, உதாரணத்துக்குப் பெயரே தெரியவில்லை. ஆனால் மூன்று பாக்கெட்டில் இரண்டு தொலைந்து ஒன்று வந்தாலும் அது 0 என்றுதான் சொல்லும். மூன்றில் இரண்டு தொலைகிற லைனில் வீடியோ கால் பேச முடியாது. ஆகவே எக்ஸிட் கோடோடு தொலைந்த சதவீதத்தையும் பிடித்து எழுதுங்கள்.

விண்டோஸில் இருக்கும் பொறி இதைவிடப் பெரியது. பேட்ச் ஃபைலில் (விண்டோஸ் ஸ்கிரிப்டில்) 'மைனஸ் என் 3' என்று கொடுத்து, எரர் லெவல் (எக்ஸிட் கோடுக்கு அங்கே அதுதான் பெயர்) 0 வந்தால் சரி என்று எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். அதே நெட்வொர்க்கில் இருக்கும் ஒரு கருவியின் வயரைப் பிடுங்கிவிட்டு பிங் செய்து பாருங்கள். 'சேருமிடத்தை அடைய முடியவில்லை' என்று ஒரு பதில் வரும். அந்தப் பதிலைச் சொல்வது நீங்கள் தேடும் கருவி அல்ல, உங்கள் கம்ப்யூட்டரேதான். ஆனால் விண்டோஸ் கணக்கில் பதில் என்றால் பதில். மூன்று அனுப்பியது, மூன்று வந்தது, நஷ்டம் 0 சதவீதம் என்று காட்டி எரர் லெவலையும் 0 என்று வைத்துவிடும். செத்துக் கிடக்கும் கருவியை உங்கள் லாக் மாதக் கணக்கில் 'சரி' என்று எழுதிக்கொண்டிருக்கும். இதற்குத் தீர்வு, வந்த பதிலில் 'டிடிஎல்' (TTL) என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று ஃபைண்ட் கட்டளையை வைத்துத் தேடுவது. உண்மையான பதிலில்தான் அது இருக்கும். பல வருடமாகப் பலர் கையாளும் வழி இது, நம்பலாம்.

எழுதிய ஸ்கிரிப்ட்டை நிமிடத்துக்கு ஒரு முறை யார் ஓட்டுவது? லினக்ஸில் கிரான். காலம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். 1979-ல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இருந்தது. இன்று நாம் பயன்படுத்தும் வடிவத்தின் மூலம் 1987-ல் பால் விக்ஸி எழுதியது. அதன் வேலைப் பட்டியலான கிரான்டேபில் ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் ஐந்து இடங்கள், நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்ற வரிசையில். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை என்றால் இப்படி:

*/5 * * * *

ஐந்து நட்சத்திரமும் வெறுமனே இருந்தால் நிமிடத்துக்கு ஒரு முறை. அதைவிட அடிக்கடி கிரானால் முடியாது.

கையால் ஓட்டினால் அழகாக ஓடும் ஸ்கிரிப்ட் கிரானில் போட்டதும் ஊமையாகிவிடுகிறது என்று புலம்பாதவர்கள் குறைவு. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். நீங்கள் டெர்மினலில் உட்காரும்போது உங்களுக்கென்று ஒரு சூழல் இருக்கிறது, எந்தக் கட்டளை எந்த ஃபோல்டரில் கிடக்கிறது என்ற பட்டியல் உட்பட. கிரானுக்கு அந்தப் பட்டியலில் ஓரிரு ஃபோல்டர்தான் தெரியும். ஆகவே ஸ்கிரிப்டில் கட்டளையையும் லாக் ஃபைலையும் முழு முகவரியோடு எழுத வேண்டும். அடுத்தது சதவீதக் குறி. லாக் ஃபைலுக்கு அன்றன்றைய தேதியில் பெயர் வைக்க ஆசைப்பட்டு, தேதிக் கட்டளையை கிரான்டேப் வரியிலேயே எழுதுவோம். அதில் % வரும். கிரானுக்கு % என்றால் வரி முடிந்தது என்று அர்த்தம், அதோடு வெட்டிவிடும். தேதி சமாச்சாரம் எல்லாம் ஸ்கிரிப்ட்டுக்குள் இருக்கட்டும், கிரான்டேபில் ஸ்கிரிப்ட்டின் பெயர் மட்டும் இருக்கட்டும். இன்னொன்று, கிரான்டேபைத் திருத்த 'மைனஸ் ஈ', மொத்தமாக அழிக்க 'மைனஸ் ஆர்'. கீபோர்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் பட்டன்கள், அழிக்கும் முன் ஒரு வார்த்தை கேட்காது. ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸில் டாஸ்க் ஷெட்யூலர். அதில் நம் ஊருக்கு மிக முக்கியமான ஒரு டிக் இருக்கிறது. 'கரண்ட்டில் இருக்கும்போது மட்டும் ஓட்டு' என்பது தானாகவே டிக் ஆகியிருக்கும். லேப்டாப்பில் ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறீர்கள், கரண்ட் போகிறது, லேப்டாப் பேட்டரிக்கு மாறுகிறது, வேலை நின்றுவிடுகிறது. எந்த அரை மணி நேரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமோ அந்த அரை மணி நேரம் மட்டும் லாகில் இருக்காது. கண்டிஷன்ஸ் பக்கத்துக்குப் போய் அதை எடுத்துவிடுங்கள். முடிந்தால் ரவுட்டரையும் யுபிஎஸ்ஸில் போடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு மின்தடையும் நெட் கோளாறாக எழுதப்படும்.

நேரம் தப்பாக இருந்தால் இவ்வளவும் வீண். நான் எடுத்துக்கொண்டது மூலையில் கிடந்த பழைய டெஸ்க்டாப். அதன் மதர்போர்டில் இருக்கும் 2032 எண் காசு பேட்டரி எப்போதோ தீர்ந்திருந்தது. கரண்ட் போய் வந்தால் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். நெட் வந்ததும் இணையத்திலிருந்து சரியான நேரத்தை எடுத்துக்கொள்ளும், ஆனால் நெட் இல்லாத நேரத்தில்தானே எனக்கு நேரம் வேண்டும்! புது பேட்டரியைப் போட்ட பிறகுதான் ஸ்கிரிப்ட்டை ஓட்டினேன். இணையம் வழியாகக் கடிகாரங்களைச் சரி செய்யும் என்டிபி என்ற அந்த ஏற்பாட்டை உருவாக்கியவர் முன்னால் சொன்ன அதே டேவ் மில்ஸ். பிங்குக்கு விதை போட்டவரும், பிங் எழுதும் லாகில் விழும் நேரத்தைச் சரியாக வைத்திருப்பவரும் ஒருவரே என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. 2024 ஜனவரியில் அவர் காலமானார். வெளியூர் சர்வரில் ஸ்கிரிப்ட் ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். அங்கே பெரும்பாலும் உலகப் பொது நேரம்தான் இருக்கும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். லைன்மேனிடம் காட்டும்போது குழப்பம் வரும்.

எவ்வளவு அடிக்கடி சோதிப்பது என்பது யோசிக்க வேண்டிய விஷயம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை என்றால் நாளுக்கு 288 வரி. நான்கு நிமிடம் போய் வரும் நெட் இரண்டு சோதனைகளுக்கு நடுவில் விழுந்து லாகில் சுவடே இல்லாமல் போகலாம். நிமிடத்துக்கு ஒன்று என்றால் 1,440 வரி. வரிக்கு 60 பைட் என்று வைத்தாலும் வருடத்துக்கு 32 எம்பிகூட ஆகாது. இடம் ஒரு பிரச்சினையே இல்லை. அதற்காக வினாடிக்கு ஒரு முறை என்று இறங்க வேண்டாம். 2003-ல் நெட்கியர் கம்பெனியின் வீட்டு ரவுட்டர்கள் சில, நேரம் கேட்பதற்கு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சர்வர் ஒன்றின் முகவரியைத் தங்களுக்குள்ளேயே பதித்து வைத்திருந்தன. பதில் வராவிட்டால் ஒவ்வொரு வினாடியும் திரும்பக் கேட்டன. அந்தப் பல்கலைக்கழகத்தின் மீது வினாடிக்கு லட்சக்கணக்கான பாக்கெட்டுகள் வந்து கொட்டின. நம் ஒருவருடைய ஸ்கிரிப்ட் ஒன்றும் செய்துவிடாதுதான். ஆனாலும் வெளியே இருப்பவர்களை நிமிடத்துக்கு மூன்று பாக்கெட்டுக்கு மேல் தொந்தரவு செய்யாமல் இருப்பது மரியாதை.

அதேபோல ஒரு பாக்கெட் தொலைந்ததும் அலறக் கூடாது. பிங்குக்குப் பதில் சொல்வது ரவுட்டர்களுக்குக் கடைசி வேலை. நெரிசல் என்றால் முதலில் அதைத்தான் தள்ளிப் போடும். தொடர்ந்து மூன்று நிமிடம் பதில் இல்லை என்றால் மட்டும் 'போச்சு' என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறேன். பிங்குக்குப் பதில் சொல்லாத கருவி எல்லாம் செத்துவிட்டது என்றும் அர்த்தமில்லை. விண்டோஸ் கம்ப்யூட்டர்களின் ஃபயர்வால் வெளியிலிருந்து வரும் பிங்கைத் தடுப்பதுதான் வழக்கம். எதிர்ப்பக்கமும் உண்டு. சர்வர் பிங்குக்கு ஓடி ஓடிப் பதில் சொல்லும், அதன் மேல் இருக்கும் இணையதளம் விழுந்து கிடக்கும். வங்கியின் தளமோ இ-வே பில் தளமோ திறக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் கர்ல் கட்டளையை வைத்துப் பக்கத்தையே எடுத்துப் பார்க்க வேண்டும். அதன் எக்ஸிட் கோட் பிங்கைவிட விவரமாகப் பேசும். 6 என்றால் பெயர் கிடைக்கவில்லை, 7 என்றால் இணைக்க முடியவில்லை, 28 என்றால் காத்திருந்து நேரம் முடிந்தது. அதிகபட்ச நேரத்தை மட்டும் கட்டாயம் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு கர்ல் தொங்கிக்கொண்டிருக்கும்போதே அடுத்த நிமிடத்து கிரான் இன்னொன்றைத் தொடங்கும், பிறகு இன்னொன்று.

உங்கள் சட்டைப் பையில் இருக்கும் போன் இதே வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. வைஃபையில் சேர்ந்தவுடன் ஆண்ட்ராய்டு ஒரு குறிப்பிட்ட முகவரியைக் கேட்கும். 204 என்ற குறியீட்டோடு வெற்றுப் பதில் வர வேண்டும். அதற்குப் பதிலாக வேறு ஏதாவது பக்கம் வந்தால், இது ரயில் நிலையத்திலோ லாட்ஜிலோ இருக்கும் 'நம்பரைப் போட்டு உள்ளே வா' ரக வைஃபை என்று புரிந்துகொள்ளும். விண்டோஸ் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலை எடுத்து அதில் எதிர்பார்த்த வாசகம் இருக்கிறதா என்று பார்க்கும். அதனால் உங்கள் கர்ல் சோதனையும் பக்கம் வந்ததா என்பதோடு நிற்காமல், வந்தது அந்தப் பக்கம்தானா என்று ஒரு சொல்லையாவது தேடிப் பார்க்கட்டும்.

நெட் போனதும் வாட்ஸப்பில் செய்தி அனுப்பச் சொல்லலாமே என்று கேட்பார்கள். போன நெட் வழியாகச் செய்தி எப்படிப் போகும்? வெளியே எங்காவது இருக்கும் ஒரு சர்வருக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை 'நான் இருக்கிறேன்' என்று அலுவலகம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். பதினைந்து நிமிடம் குரல் வராவிட்டால் அந்த வெளி சர்வர் உங்களுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். இப்படித் திருப்பிப் போட்டால்தான் வேலை நடக்கும்.

எங்கள் மதியக் கதைக்கு வருகிறேன். லாகைத் தமிழிலேயே எழுத வைத்தேன், கணக்கர் அக்காவும் படிக்கட்டும் என்று. இப்படி இருந்தது:

05-14 13:41 | ரவுட்டர் சரி 0.6 | ஆபரேட்டர் சரி 3.1 | வெளியே சரி 9.8 | பெயர் சரி
05-14 13:42 | ரவுட்டர் சரி 0.5 | ஆபரேட்டர் இல்லை | வெளியே இல்லை | பெயர் இல்லை

ரவுட்டர் ஒரு நாள்கூடத் தவறவில்லை. அறுந்தது எப்போதும் இரண்டாவது படியில். மூன்று வாரம் ஓடியதும் 'ஆபரேட்டர் இல்லை' என்ற வரிகளை மட்டும் கிரெப் போட்டு எடுத்து மணி வாரியாக எண்ணினேன். பகல் 12:50-க்கு முன்னால் ஒன்றுகூட இல்லை, மாலை 4:20-க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. மதியம் எல்லோரும் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதால் என்று முதலில் நினைத்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அதே நேரத்தில் போயிருந்தது, அலுவலகத்தில் ஒரு ஆள் கிடையாது. மூன்று வாரத்தில் இரண்டே நாட்கள் சுத்தமாக இருந்தன. அக்காதான் தேதியைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "தம்பி, இந்த ரெண்டு நாளும் மழைங்க."

இரண்டு பக்கம் பிரிண்ட் எடுத்து லைன்மேனிடம் கொடுத்து, காலையில் வராமல் ஒன்றரை மணிக்கு வரச் சொன்னேன். வந்தார். நேராக மொட்டை மாடிக்குப் போனோம். தெருவிலிருந்து வரும் ஃபைபரை லேன் கேபிளாக மாற்றிக் கொடுக்கும் மீடியா கன்வெர்ட்டர், மேற்குப் பார்த்த கைப்பிடிச் சுவரில் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியைத் திறந்து அடாப்டரைத் தொட்டவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கன்வெர்ட்டரின் விளக்குகள் எங்கள் கண் முன்னாலேயே அணைந்து, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப எரிந்தன. என் போனில் லாகைத் திறந்து காட்டினேன், புதிதாக இரண்டு 'இல்லை' விழுந்திருந்தது.

அன்றே புது அடாப்டர் போட்டு, பெட்டியைப் படிக்கட்டுக் கூரையின் கீழ் நிழலில் மாட்டினார். இறங்கி வந்து டீ குடிக்கும்போது அந்த இரண்டு தாளையும் மறுபடி புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இத மாதிரி மாடியில பெட்டி வெச்ச எடம் நமக்கு நாப்பதுக்கு மேல இருக்குங்ண்ணா. இந்த ஸ்கிரிப்ட்ட எனக்கும் குடுங்க, கன்ட்ரோல் ரூம்ல போட்டு வெச்சுக்கறேன்." பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அவர் மாற்ற வேண்டியிருந்தது முகவரிகள் இருக்கும் அந்த ஒரு வரியை மட்டும்தான்.